ஓய்வு பெற்ற படை அதிகாரிக்கு என்ன வேலை கொடுக்கப் போகிறீர்கள்?

தன்னார்வ அமைப்புகளை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடம் படையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்து, "என்னால் ஏதாவது ஆகுமா, பாருங்கள்" என்று கேட்கும்போது நாம் அவரை என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. அடுத்த நிகழ்ச்சிக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டு, மேடையில் உட்கார வைத்து, பேசச் சொல்லி, கைதட்டி அனுப்பிவிடுகிறோம். இல்லையென்றால், "இனிமேல் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று மொத்த அமைப்பையும் அவர் தலையில் கட்டிவிடுகிறோம். முதல் வழியில் அவர் சீக்கிரமே வருவதை நிறுத்திவிடுகிறார். இரண்டாவது வழியில் அவர் இருக்கிறார், மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள்.

தொண்டர்களை ஒருங்கிணைக்கும் வேலையில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். நான் பார்த்த மிகச் சிறந்த தொண்டர்களில் சிலர் முன்னாள் படை அதிகாரிகள். வந்த வேகத்தில் காணாமல் போனவர்களிலும் அவர்கள் நிறையப் பேர் உண்டு. இந்த இரண்டு வகையினருக்கும் குணத்திலோ திறமையிலோ பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வந்த முதல் சில வாரங்களில் அவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது, யாருடன் சேர்ந்து செய்யக் கிடைத்தது என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. அதாவது, விஷயம் நம் கையில் இருக்கிறது.

முதலில் அவர்களுடைய வயதைப் பாருங்கள். இந்தியத் தரைப்படையில் கர்னல் 54 வயதிலும் பிரிகேடியர் 56 வயதிலும் மேஜர் ஜெனரல் 58 வயதிலும் ஓய்வு பெறுகிறார்கள். அமெரிக்கப் படைகளில் 20 வருடம் முடித்தாலே ஓய்வூதியத்தோடு வெளியே வந்துவிடலாம். நாற்பதுகளின் நடுவில் வெளியே வருகிறவர்கள் அங்கே சாதாரணம். உடம்பு நன்றாக இருக்கிறது, மாத வருமானத்துக்கு ஓரளவு வழி இருக்கிறது, அதிகாலையில் எழுந்து தயாராகும் பழக்கம் எலும்பில் ஊறியிருக்கிறது. இன்னும் இருபது வருடம் ஓடியாடி வேலை செய்யக்கூடிய ஒருவரை, வருடத்துக்கு ஒரு நாள் பேசுவதற்கு மட்டும் நாம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், அவர் எதை விட்டுவிட்டு வருகிறார் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படை வாழ்க்கையில் காலையில் எழுந்தால் அன்றைக்கு என்ன வேலை, யாரோடு, எதற்காக என்று எல்லாமே தெரியும். வீடு, மருத்துவர், பிள்ளைகளின் பள்ளி மாற்றம், ரயில் பயணம் என எல்லாவற்றுக்கும் ஓர் ஏற்பாடு இருக்கும். நூற்றுக்கணக்கான பேரின் உயிருக்கும் குடும்பத்துக்கும் பொறுப்பு சுமந்தவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை தொலைபேசி அடிக்காது. அவர் சொல்வதற்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை. நம்மிடம் வரும்போது அவர் இந்த வெறுமையைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார், சொல்லிப் பழக்கமும் இல்லை. "சும்மா இருக்க முடியவில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தை நாம் சரியாகக் கேட்டுக்கொண்டாலே போதும்.

இங்கே லியோனார்ட் செஷயரின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பெரிதாகத் தொடங்கித் தோற்றதும் சிறிதாகத் தொடங்கி வளர்ந்ததும் அவர் ஒருவர் வாழ்க்கையிலேயே இருக்கின்றன. 1917இல் பிறந்த செஷயர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சு விமானி. 25 வயதிலேயே குரூப் கேப்டன் என்ற உயர் பதவிக்கு வந்தவர். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அவருக்கு 1944இல் கிடைத்தது. ஒரே ஒரு சாகசத்துக்காகக் கொடுத்தது இல்லை அது. நான்கு வருடங்களாகத் திரும்பத் திரும்பப் பறந்து, 100 பறத்தல்களை முடித்ததற்காகக் கொடுத்தது. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி மேல் அணுகுண்டு விழுந்தபோது பிரிட்டனின் சார்பில் வானிலிருந்து பார்த்தவர்களில் அவரும் ஒருவர். மறு வருடமே படையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அவர் செய்த முதல் காரியம், போரிலிருந்து திரும்பியவர்கள் சேர்ந்து வாழ ஒரு குடியிருப்பை அமைத்தது. பெரிய எண்ணம், பெரிய வீடு, நிறைய ஆட்கள். அது ஓடவில்லை. கடன் ஏறியது, ஆட்கள் கலைந்தார்கள். கடைசியில் ஹாம்ப்ஷயரில் லீ கோர்ட் என்ற பெரிய வீடு மட்டும் அவரிடம் மிஞ்சியது. 1948இல், அந்தக் குடியிருப்பில் முன்பு இருந்த ஒருவர் புற்றுநோயோடு மருத்துவமனையில் கிடந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, படுக்கையும் தேவைப்படுகிறது என்ற நிலை. அவரை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் தேடி அலைந்த செஷயர், எங்கும் கிடைக்காமல் தன் வீட்டுக்கே கூட்டி வந்தார். நோயாளியைப் பார்த்துக்கொள்ள அவருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. படுக்கை விரிப்பை மாற்றுவது, உடம்பைத் துடைப்பது, இரவில் கூப்பிட்டால் எழுந்து போவது எல்லாவற்றையும் செய்துதான் கற்றுக்கொண்டார். அந்த மனிதர் சில மாதங்களில் இறந்துபோனார். அதற்குள் அக்கம்பக்கத்தில் விஷயம் பரவி, போக்கிடம் இல்லாத இன்னொருவர் வந்தார், அப்புறம் இன்னொருவர். இப்படித் தொடங்கியவைதான் பிற்பாடு இந்தியா உட்படப் பல நாடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த செஷயர் இல்லங்கள்.

தளபதியாக யோசித்துத் தொடங்கிய குடியிருப்பு கவிழ்ந்தது. ஒரே ஒரு மனிதரின் கட்டிலுக்குப் பக்கத்தில் தொடங்கிய வேலை அவர் 1992இல் காலமான பின்னும் நடக்கிறது. நம்மிடம் வரும் அதிகாரிக்கு நாம் கொடுக்க வேண்டியது அந்த மாதிரி ஒரு கட்டில்: பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு மனிதரின் தேவை, கைக்கு எட்டும் ஒரு வேலை.

அவர்களிடம் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கட்டுப்பாடு, நேரம் தவறாமை என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, அவையும் உண்டுதான். ஆனால் எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தவை வேறு. வெள்ளக் காலத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நாங்கள் முகாம் நடத்திக்கொண்டிருந்தோம். பொறியாளர் படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் வந்தார். வாசலில் மேஜை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் அனுமதி கேட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் போனார். எங்களில் யாரும் அதுவரை ஒழுங்காகப் போய்ப் பார்க்காத கழிப்பறைப் பக்கம். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப்பை நோட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்து, அந்தப் பெண்ணிடமே கேட்டார்: "பெண்கள் பக்கம் விளக்கு இல்லை. ராத்திரி யாரும் போவதில்லையோ?" அந்தப் பெண் போய் உள்ளே விசாரித்துவிட்டு வந்தாள். இரவில் போக வேண்டியிருக்குமே என்ற பயத்தில் பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள்.

நாங்கள் அங்கேயேதான் இருந்தோம். எங்களுக்கு அது தெரியவில்லை. ஆயிரம் பேரைக் கூடாரத்தில் தங்கவைத்துப் பழகியவருக்கு, முகாம் என்றாலே முதலில் தண்ணீர், அடுத்தது கழிப்பறை, அதற்கடுத்துத்தான் மற்றதெல்லாம். நிவாரண வேலைக்கான குறைந்தபட்ச அளவுகளை 1997இல் தொடங்கிய ஸ்ஃபியர் திட்டம் வகுத்து வைத்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது, ஒரு கழிப்பறைக்கு 20 பேர், தங்குமிடத்தில் இருந்து 50 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. இந்தக் கணக்குகளை அவரிடம் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. படைமுகாம் அமைக்கும்போது போடும் கணக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் என்றார். வாந்திபேதியால் ஒரு யூனிட்டே படுத்துவிடலாம் என்பதைப் படைகள் பல தலைமுறைகளாகப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கின்றன. அன்று சாயங்காலமே விளக்குக்கு வழி செய்தோம். யாரையும் அதட்டாமல், யாருடைய வேலையையும் பிடுங்காமல், கேள்வியை அந்தப் பெண்ணிடமே கேட்டு அவளையே முடிவெடுக்க விட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம் அமைப்புகளில் கிட்டத்தட்ட எல்லாமே தொடங்கியவரோடு முடிந்துபோகின்றன. யாரிடம் எந்தச் சாவி, எந்த அதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும், எந்த வீட்டுப் பாட்டிக்கு எந்த மாத்திரை என்று எல்லாமே ஒரே ஒருவருடைய தலைக்குள் இருக்கும். அவர் படுத்துவிட்டால் அமைப்பும் படுத்துவிடும். படை அதிகாரியோ இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடம் மாறியே வாழ்ந்தவர். ஒவ்வொரு முறையும் அடுத்து வருபவருக்காகக் குறிப்பு எழுதி, சரக்கு எண்ணிக் காட்டி, ஆட்களை அறிமுகம் செய்து, பொறுப்பை முறையாக ஒப்படைத்துவிட்டுப் போனவர். தான் இல்லாவிட்டாலும் வேலை நடக்க வேண்டும் என்பது அவர் தினமும் செய்து பழகிய காரியம். அந்த ஒப்படைப்புக் குறிப்பு எழுதும் பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து நாம் கற்றுக்கொண்டாலே நம்மில் பாதி அமைப்புகள் பிழைத்துக்கொள்ளும். எங்களிடம் வந்த ஒருவரிடம் நான் முதலில் கேட்ட உதவி இதுதான்: எங்கள் ஒவ்வொருவருடைய வேலையையும் உட்கார்ந்து கேட்டு எழுதித் தாருங்கள் என்றேன். அவர் எழுதியபோதுதான் நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே எங்களுக்கு முழுசாகத் தெரிந்தது.

இன்னொன்று, காரியம் முடிந்தபின் உட்கார்ந்து பேசுவது. 1970களில் அமெரிக்கத் தரைப்படையில் உருவான முறை இது, பிற்பாடு பல நாடுகளுக்கும் பல துறைகளுக்கும் பரவியது. என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி ஆனது, அடுத்த முறை எதை மாற்றுவோம், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் ரேங்க் கிடையாது, கடைநிலைச் சிப்பாயும் தளபதி செய்த தவறை எடுத்துச் சொல்லலாம் என்பது விதி. நம் கூட்டங்களில் என்ன நடக்கிறது? வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டுக் கலைகிறோம். போன வருடம் சொதப்பிய அதே இடத்தில்தான் இந்த வருடமும் சொதப்புகிறோம்.

அவர்களுக்குத் தெரியாததும் உண்டு. அதை மறைப்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. தொண்டருக்கு உத்தரவு போட முடியாது. படையில் ஒருவர் கோபித்துக்கொண்டு நாளை முதல் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது, நம்மிடம் யாரும் அதைச் சொல்லக்கூடத் தேவையில்லை, வராமல் இருந்தாலே முடிந்தது. எங்களிடம் சேர்ந்த இன்னோர் அதிகாரி, தாமதமாக வந்த கல்லூரிப் பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கண்டித்துவிட்டார். அடுத்த வாரம் பாதிப் பேரைக் காணோம். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. நான் அவர்களுடைய நல்லதுக்குத்தானே சொன்னேன் என்றார். எங்களோடு வெகுகாலமாக வேலை செய்யும் ஓர் அம்மா அவரிடம் தனியாகப் பேசினார். "ஐயா, இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. இன்றைக்கு நாம் நடத்துகிற விதத்தைப் பார்த்துத்தான் நாளைக்கு வரலாமா என்று முடிவு பண்ணுவார்கள்." அவர் கேட்டுக்கொண்டார். வராமல் போன பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகத் தானே போன் செய்து பேசினார். எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை, சிலர் வந்தார்கள். அதற்குப் பிறகு வேலை ஆரம்பிக்கும் நேரத்தை அந்தப் பிள்ளைகளிடமே கேட்டு வைத்தார்.

அந்த அம்மா அன்று பேசியிருக்காவிட்டால் நாங்கள் அந்த அதிகாரியையும் இழந்திருப்போம், பிள்ளைகளையும் இழந்திருப்போம். பெரிய மனிதர் என்று தயங்கி நாம் சொல்லாமல் விடும் வார்த்தைகள்தான் அவர்களுக்கு அதிகத் தீங்கு செய்கின்றன. தவறு என்றால் அன்றே, தனியாக, மரியாதையோடு சொல்லிவிடுங்கள். நேராகச் சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். நாம் சுற்றிவளைப்பதுதான் அவர்களுக்குப் புரியாமல் போகிறது.

ரேங்க் விஷயத்துக்கு வருகிறேன். கர்னல், கமாண்டர் என்று கூப்பிடுவதில் தவறொன்றும் இல்லை, உழைத்து வாங்கிய பெயர் அது. ஆனால் வேலைப் பட்டியலில் எல்லோர் பெயரும் ஒரே மாதிரி இருக்கட்டும். அவருக்கு மேல் பொறுப்பாளராக இருபத்திரண்டு வயதுப் பெண் இருந்தால், அவளிடம்தான் அவர் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதை முதல் நாளே இருவர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். அவர் மறுப்பார் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செஷயர் 1943இல் மறுபடியும் போர்ப் பறத்தலுக்குப் போவதற்காகத் தன் பதவியிலிருந்து ஒரு படி இறங்கி, விங் கமாண்டராக 617ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். தான் செய்ய விரும்பிய வேலை அந்தப் படியில்தான் இருந்தது, இறங்கிவிட்டார். நான் பார்த்த நல்ல அதிகாரிகள் பலரும் இதே மாதிரிதான். இறங்கத் தயங்குபவர்களும் உண்டு. அவர்களுக்கும் கொஞ்ச காலம் கொடுத்துப் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரி வந்தால் நாற்காலி போடும் நாம், அதே படையில் ஹவில்தாராகவோ சார்ஜென்டாகவோ இருந்தவர் வந்தால் வாசலில் காவலுக்கு நிற்கச் சொல்கிறோம். இது அநியாயம். சாமான்களைக் கட்டி ஏற்றுவது, வண்டி பழுதைச் சரிசெய்வது, காயத்துக்கு முதலுதவி செய்வது, புதிதாக வந்த பயந்த பையனைத் தேற்றி நிறுத்துவது என இதிலெல்லாம் அதிகாரிகளே அவர்களை நம்பித்தான் இருந்தார்கள். நல்ல அதிகாரி யாரைக் கேட்டாலும் இதை ஒத்துக்கொள்வார்.

அவர்களுடைய துணைவியரையும் மறந்துவிடுகிறோம். கணவர் எல்லையில் இருந்த வருடங்களில், வீரரை இழந்த குடும்பத்துக்குத் துணையாகப் போனவர்கள், முதல்முறை ஊரை விட்டு வந்த இளம் மனைவிகளுக்கு மருத்துவமனை, வங்கி என்று எல்லாம் பழக்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். இந்தியத் தரைப்படையில் இந்த வேலைக்காகவே 1966 முதல் மனைவியர் நலச் சங்கம் ஒன்று நடக்கிறது. சம்பளம் இல்லாமல், பதவி இல்லாமல் ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் பெரும்பாலும் அவர்தான். அதிகாரி நம்மிடம் வந்தால் அவருடைய மனைவியிடமும் விருப்பம் உண்டா என்று கேளுங்கள். முப்பது வருடம் ஊர் ஊராக மாறி இப்போதுதான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், எங்களை விடுங்கள் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இன்றைக்கு அதிகாரியே பெண்ணாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து எழுதப் போவது கடினமான விஷயம். எல்லா மக்களுக்கும் சீருடை ஒரே அர்த்தம் தருவதில்லை. படையினரைக் கண்டு வீட்டை விட்டு ஓடியவர்களும், பிள்ளைகளை இழந்தவர்களும் இருக்கும் இடத்தில், முன்னாள் அதிகாரி ஒருவர் எவ்வளவு நல்ல மனத்தோடு வந்தாலும் அவருடைய நடை, முடிவெட்டு, பேசும் தொனி எல்லாமே அவர்களுக்குப் பழையதை ஞாபகப்படுத்தும். செஞ்சிலுவை இயக்கம் 1965இல் ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கொள்கைகளில் பாரபட்சமின்மையும் நடுநிலையும் சேர்ந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பேரிடர் நிவாரணத்தில் படை வளங்களைப் பயன்படுத்துவது பற்றி 1994இல் வெளியான ஒஸ்லோ வழிகாட்டுதல்களும், சிவில் வழியில் முடியாதபோது கடைசியாகத்தான் படையிடம் போக வேண்டும் என்கின்றன. ஓய்வு பெற்றவரை இந்த விதிகள் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் விதியின் பின்னால் இருக்கும் பயம் உண்மையானது. அப்படிப்பட்ட இடத்துக்கு அவரை அனுப்பும் முன் அந்த மக்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்த மக்களின் பதிலை அவரிடம் மறைக்காமல் சொல்லி, வேறு வேலை கொடுங்கள்.

அதே சமயம், போரைப் பார்த்தவர்களாலேயே சமாதானத்துக்கு உழைக்க முடியும் என்பதற்கும் ஆள் உண்டு. அட்மிரல் ராமதாஸ் 1971 போரில் ஐ.என்.எஸ். பியாஸ் கப்பலுக்குத் தலைமை தாங்கி வீர் சக்ரா பெற்றவர். 1990 முதல் 1993 வரை இந்தியக் கடற்படைத் தளபதி. இந்தியக் கடற்படையில் பெண்கள் அதிகாரிகளாகச் சேரத் தொடங்கியது அவர் காலத்தில்தான். ஓய்வு பெற்றதும் மகாராஷ்டிரத்தில் அலிபாக் அருகே ஒரு கிராமத்தில் குடியேறினார். எந்த நாட்டை எதிர்த்துப் போரிட்டாரோ அந்த நாட்டு மக்களோடு இந்திய மக்கள் பேச வேண்டும் என்பதற்காக வருடக்கணக்கில் உழைத்தார். 2004இல் பாகிஸ்தானைச் சேர்ந்த ஐ.ஏ. ரஹ்மானோடு சேர்ந்து அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. தன் பகுதியில் விவசாய நிலம் பறிபோகவிருந்தபோது விவசாயிகளோடு நின்றார். 2024இல் காலமானார். கடற்படைத் தளபதியாக இருந்தவர் கிராமத்து விவசாயிகளோடு தரையில் உட்கார்ந்து பேச முடிந்தது என்றால், நம் அலுவலகத்து பிளாஸ்டிக் நாற்காலியில் எந்த அதிகாரியும் உட்காரலாம்.

காயங்களைப் பற்றியும் பேச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் காயத்தைப் பொறுத்தவரை அவர்கள் நம்மைவிடத் தெளிவாக இருப்பார்கள். மேஜர் ஜெனரல் இயான் கார்டோசோ 1971 போரில் கண்ணிவெடியில் காலை இழந்தவர். சிதைந்த காலைக் குக்ரிக் கத்தியால் தானே வெட்டி அகற்றினார். அதன் பிறகும் படையில் தொடர்ந்து, மாற்றுத்திறனாளியாக இருந்துகொண்டே காலாட்படை பட்டாலியனுக்குத் தலைமை தாங்கிய முதல் இந்திய அதிகாரி ஆனார். ஓய்வுக்குப் பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான வேலையில் இறங்கி, 2005 முதல் 2011 வரை இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் தலைவராக இருந்தார். அவர் மறுவாழ்வைப் பற்றிப் பேசினால் எதிரில் இருப்பவர் கேட்பார், சொல்பவர் அதை வாழ்ந்தவர்.

கண்ணுக்குத் தெரியாத காயம் வேறு. கனடாவின் ஜெனரல் ரோமியோ டலேர் 1994இல் ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கினார். சுமார் 100 நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டதை, தடுப்பதற்குப் போதுமான ஆட்களும் அனுமதியும் இல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்த மன உளைச்சல் காரணமாக 2000இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். உயிரை விட முயன்றதையும் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பின்பு சிறுவர்களைப் படைகளில் சேர்ப்பதைத் தடுக்கும் பணியைத் தன் வாழ்க்கை ஆக்கிக்கொண்டார். தொண்டு அவரைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்லலாம், ஆனால் சிகிச்சையும் கூடவே நடந்தது. 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பின் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் தொடங்கிய டீம் ரூபிகான் அமைப்பும் இதை மிகக் கொடுமையான விதத்தில் தெரிந்துகொண்டது. அவர்களோடு வேலை செய்த இளம் வீரர் ஒருவர் 2011இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவப் போனவர்கள், தங்கள் பக்கத்தில் இருப்பவரையும் கவனிக்க வேண்டும் என்பதை அதன் பிறகு வேலையின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

ஆகவே நண்பர்களே, தொண்டு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். பிணங்களைப் பார்த்துவிட்டு வந்த நாளில் அவரை நேராக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள். போர்க் கதை சொல்லச் சொல்லி பிள்ளைகள் கேட்டால், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் பேச்சை மாற்றிவிடுங்கள். தூக்கம் இல்லை, எரிச்சல் அடங்கவில்லை என்று தெரிந்தால் மருத்துவரிடம் போகும் பேச்சைத் தயங்காமல் எடுங்கள். "நான் சமாளித்துக்கொள்வேன்" என்பார். முதல் தடவை அப்படித்தான் சொல்வார், அதோடு விட்டுவிடாதீர்கள்.

நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்து ஓர் அதிகாரி வந்தால், முதல் சில மாதம் எந்தப் பதவியும் கொடுக்க வேண்டாம், மேடையும் வேண்டாம். உங்கள் வேலைகள் ஒவ்வொன்றிலும் கொஞ்ச நாள் கடைசி ஆளாக நிற்க வையுங்கள். தான் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள், எழுதியதை எல்லோரும் படியுங்கள். பிறகு அவருக்கே பொருத்தமான ஒரு வேலையை அவரும் நீங்களும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். அந்த வேலைக்கு அடுத்த ஆளையும் அவரே தயார் செய்யட்டும், அதை அவர் உங்களைவிட நன்றாகச் செய்வார்.

ஏற்கெனவே உங்களிடம் ஒரு தடவை வந்து, ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு, அப்புறம் வராமல் போனவர் யாராவது நிச்சயம் இருப்பார். அவருடைய எண் உங்கள் கைப்பேசியில் இருக்கும். இந்த வாரமே கூப்பிடுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு விட்டுவிடாமல், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு, யாரிடம் வந்து எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர், தொண்டர் ஒருங்கிணைப்பாளர்